சங்கு ஊதினால் துட்டி கேட்கணும்

எங்கள் தெருவில் ஒருவருக்குப் பட்டப்பேர் விழ ஒரு காலைப்பொழுது போதும். அது அழிய மூன்று தலைமுறை போதாது. தெருமுனை வீட்டுப் பெரியவர் என்றோ ஒருநாள் ஓட்டைத் தோணியை விலைபேசி ஏமாந்தார். அவர் பேரன் இப்போது துபாயில் பெரிய இன்ஜினியர். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பிள்ளையை, "யாரு, ஓட்டைத்தோணி பேரனா? வாங்க, வாங்க" என்றுதான் வீட்டுக்கு வீடு வரவேற்றார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றான். வேறு என்ன செய்வான்?

அதனால் எதிர்வீட்டு இந்துமதிக்கு 'லட்டு' என்று பேர் விழுந்தபோது, விஷயம் லேசுப்பட்டதில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நான் தையல்காரி. மிஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. வெளிச்சத்துக்காகத்தான் அங்கே போட்டேன். அங்கிருந்து பார்த்தால் இந்துமதி வீட்டு வாசலும், அவள் உப்பு பாக்கெட் போடும் கொட்டகையும், யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதும் தெரிகிறது என்றால் அது ஜன்னலின் குற்றம்.

இந்துமதிக்குத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கொஞ்சம் உப்பளம் உண்டு. அவள் அப்பா விட்டுப்போனது. உப்பை வாரிக் காயவைத்து, கொட்டகையில் சுடலைமாடத்தியும் இன்னும் சில பெண்களும் பாக்கெட் போட, நாசரேத், ஆத்தூர் கடைகள் வரை அனுப்புகிறாள். வீட்டுக்காரர் வேல்ராஜ் வண்டி ஓட்டுவார். மற்றபடி அவர் அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டில் அதற்கு இடம் கிடைத்ததில்லை.

சில வருடமாக உப்புத் தொழில் படுத்துவிட்டது. வெயில் காய வேண்டிய மாசியில் மழை அடிக்கிறது. பாத்தியில் உப்பு பூத்து வரும்போது ஒரு மழை விழுந்தால் பூத்ததெல்லாம் தண்ணீர். மார்கழி வெள்ளத்தில் வரப்பையே காணோம். இதற்கு நடுவில்தான், அவள் அளத்தை ஒட்டினாற்போல ஒரு கம்பெனி நிலக்கரிக் கிடங்கு போடப்போகிறது என்று சேதி வந்தது. கப்பலில் வரும் கரியை அங்கே மலையாகக் குவிப்பார்களாம். ஆடிக் காற்றில் அந்தத் தூள் எங்கே போய் விழும் என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம்.

சேதியோடு சேதியாக சுப்ரஜாவும் வந்தாள். தென்திருப்பேரைப் பெருமாள் கோயில் தெருப் பெண். இங்கே காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். பருவநிலைக்காக ஒரு குழு வைத்திருக்கிறாள். குழுவில் இருநூறு பேர் என்பாள். வாட்ஸப்பில் இருநூறு. வெயிலில் ஏழெட்டு.

"எங்கெங்கயோ கரி எரியுது, அதனால பூமி சூடாகுது, மழை காலம் தப்புது. உங்க உப்பைக் கரைச்சது மழை இல்லைக்கா, கரி" என்றாள்.

இந்துமதி உப்பைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "அப்ப தூரத்துல எரிஞ்ச கரி மழையா வந்து கரைக்கி. பக்கத்துல கொட்டப்போற கரி தூசியா வந்து கறுக்கப் போவுது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. சரி, என்ன செய்யணும் சொல்லு."

என்ன செய்வது என்று பேசத்தான் ஒரு நாள் எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். நான் சுடலைமாடத்திக்கு ஜாக்கெட் அளவெடுக்கப் போயிருந்தேன். அளவெடுக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

சுப்ரஜா போனில் வெளிநாட்டுப் படங்களைக் காட்டினாள். நடுரோட்டில் பிள்ளைகள் உட்கார்ந்து, பசை தடவிக் கையைத் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கன அதுக்குப் பசை எதுக்கு?" என்றாள் இந்துமதி. "சித்திரை வெயில்ல துறைமுக ரோட்டுல சும்மா உக்காந்தாலே தாரு ஒட்டிக்கிடும். எந்திரிக்கத்தான் ஆள் வேணும்."

அடுத்த படத்தில் ஒரு பெண், கண்ணாடி போட்ட பழைய ஓவியம் ஒன்றின் மேல் சூப்பை வீசினாள்.

"குடிக்கித சூப்பா?" என்று கேட்டாள் சுடலைமாடத்தி.

"ஆமா."

"படம் என்ன பாவம் பண்ணிச்சு?"

"படத்துக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா உலகம் பூரா நியூஸ் ஆச்சு."

"என்னன்னு நியூஸ் ஆச்சு?"

சுப்ரஜா தயங்கினாள். "சூப்பை வீசினாங்கன்னு."

மூலையில் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த முத்துச்செல்வம் சிரித்தான். ஒரு டிவிக்கும் இரண்டு பேப்பருக்கும் சேர்த்து ஊர்ச்சேதி அனுப்புகிற பையன். கேமரா அவன் சொந்தம், சேதி சென்னைக்காரன் சொந்தம். "அதுதான் சங்கதி" என்றான். "உப்பு கறுத்துப் போச்சுன்னு அனுப்பினா எடுக்க மாட்டான். நீங்க ரோட்டை மறிச்சா எடுப்பான். எடுத்து, 'பொதுமக்கள் கடும் அவதி'ன்னு போடுவான். எதுக்கு மறிச்சீங்கன்னு நான் கடைசிப் பாராவுல எழுதுவேன். இடம் இல்லன்னு அதை வெட்டிருவான்."

"அதை முதல் பாராவுல எழுதேம்லே" என்றாள் இந்துமதி.

"அப்ப மொத்தத்தையும் வெட்டிருவான், எக்கா."

இந்துமதி எழுந்து உள்ளே போய் ஒரு சங்கைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா உப்போடு சங்கும் வியாபாரம் செய்தவர். முத்துக்குளிப்பு நின்ற பிறகும் சங்கு குளிப்பது நிற்கவில்லையே. குளிக்கிறவர்கள் கொண்டுவரும் சங்கை மூட்டை மூட்டையாகக் கல்கத்தாவுக்கு அனுப்புவார். அங்கே அதை அறுத்துக் கல்யாணப் பெண்ணுக்கு வளையல் செய்வார்களாம். நல்லதாக ஒன்றை மட்டும் மகளுக்கு ஊதக் கொடுத்திருந்தார்.

"ரோட்டை மறிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போறவன் சாபம் நமக்கு எதுக்கு? கிடங்கு வாசல்ல நின்னு இதை ஊதுவோம்."

சுப்ரஜாவுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல ஐடியாக்கா. மில்லுல ஊதுற சங்கு மாதிரி, ஒரு அபாயச் சங்கு. பெருமாள் கையில இருக்கறதும் சங்குதானே."

"மில்லுச் சங்கும் இல்ல, பெருமாள் சங்கும் இல்ல. எழவு வீட்டுச் சங்கு. இந்தக் கிடங்கு செத்துப்போச்சுன்னு ஊதப்போறேன்."

சுடலைமாடத்தி வாயில் கை வைத்தாள். "ஏளா, அதைப் பொம்பள ஊதுவாளா?"

"ஆம்பள ஊதட்டும். எவன் வாரான்?"

எல்லோரும் வேல்ராஜைப் பார்த்தோம். அவர் அவசரமாகப் பாக்கெட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

கிடங்கு வேண்டுமா வேண்டாமா என்று ஊர்க்காரர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள அரசாங்கம் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அதற்கு முன்பே கம்பெனி பூமிபூஜைக்கு நாள் குறித்துவிட்டது. பெண் பார்க்கும் முன்னே வளைகாப்பு. கேட்டால் பூஜை கிடங்குக்கு இல்லையாம், காவல்காரர் அறைக்காம். காவல்காரர் அறைக்கு அத்தனை பெரிய பந்தலை நான் பார்த்ததில்லை.

கம்பெனியின் பெரிய அதிகாரி கல்கத்தாவிலிருந்து வந்திருந்தார். பேர் சக்ரவர்த்தி. ஆளும் அதற்கேற்ற மாதிரி சிவப்பாக, உயரமாக இருந்தார். அவர் பக்கத்தில் நிழல்போல நின்றவர் பால்துரை. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்த குடும்பம். கம்பெனிக்கு மக்கள் தொடர்பு அதிகாரி. அதாவது மக்களிடமிருந்து வரும் தொடர்பைத் தடுத்து நிறுத்துகிற அதிகாரி.

ஐயர் மந்திரத்தைத் தொடங்கியபோது, சுடலைமாடத்தியும் சுப்ரஜாவின் குழுப் பெண்களும் பின்னால் நிற்க, வாசலில் நின்று இந்துமதி சங்கை வாயில் வைத்தாள். மூச்சை இழுத்து, அடக்கி, அடிவயிற்றிலிருந்து ஊதினாள். எனக்குக் கை ரோமம் எழுந்து நின்றது. ரோட்டில் போன லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டித் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, "யாரு தவறிட்டாவ?" என்று கேட்டார். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. பந்தலுக்குள் இருந்த பால்துரைக்கும் புரிந்துவிட்டது. முகம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியதுபோல ஆனது.

சக்ரவர்த்திக்கு மட்டும் வேறு மாதிரி புரிந்தது. அவர் ஊரில் கல்யாணத்துக்குப் பெண்கள்தான் சங்கு ஊதுவார்களாம். இத்தனை தூரம் தள்ளி வந்த இடத்தில் பெண்கள் வாசலில் நின்று சங்கு ஊதினால் மனிதர் என்ன நினைப்பார்? கைகூப்பிக்கொண்டு, கண் கலங்கச் சிரித்தபடி வந்தார். வழியில் பால்துரையிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பந்தலுக்குள் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். 'வெல்கம்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

பால்துரை இந்துமதியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். சம்பளம் யார் தருகிறார் என்று ஒரு கணம் யோசித்திருப்பார். "எஸ் சார். வெல்கம்" என்றார்.

அவ்வளவுதான். சக்ரவர்த்தியே ஒரு லட்டுப் பெட்டியை எடுத்து இந்துமதி கையில் வைத்துவிட்டார். ஒரு கையில் சங்கு, ஒரு கையில் கம்பெனிப் பேர் அச்சடித்த பெட்டி. அவள் வாய் திறந்தபடி நின்றாள். கம்பெனிக்காரர்களின் கேமராக்கள் அந்த ஒரு கணத்தை விடவில்லை.

சாயங்காலம் டிவியில் வந்தது. 'புதிய நிலக்கரி முனையம்: சங்கு முழங்கி மகளிர் வரவேற்பு.' சங்குச் சத்தத்தை எடுத்துவிட்டு நாகஸ்வரம் போட்டிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இந்துமதியின் திறந்த வாயை அந்த நாகஸ்வரத்தோடு பார்த்தால் ஆனந்தத்தில் திறந்த வாய் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

முத்துச்செல்வம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "நான் சரியாத்தான் எழுதி அனுப்பினேன், எக்கா. அதுக்கு முன்னாலயே கம்பெனி பிரஸ் நோட்டு போயிட்டு. படத்தோட, இங்கிலீஷ்ல. திருத்த வேண்டிய வேலை இல்ல பாருங்க, அதையே எடுத்துக்கிட்டான்."

மறுநாள் காலையில் இந்துமதி வீட்டுக் கேட்டில் யாரோ கரித்துண்டால் 'லட்டு' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து அளக்காரர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். பாக்கெட் போட வரும் பெண்களில் சுடலைமாடத்தியைத் தவிர மற்றவர்களுக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. கிடங்கில் கேன்டீன் எடுத்து நடத்த அவளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. அப்படி நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் நாலு பேரிடம் சொன்னேன்.

அந்த லட்டுப் பெட்டியை அவள் திறக்கவுமில்லை, எறியவுமில்லை. கொட்டகை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். எறும்பு சாரைசாரையாக ஏறி இறங்கியது.

சுப்ரஜா பேப்பருக்கெல்லாம் மறுப்பு அனுப்பினாள். ஒரு பேப்பரில் வந்தது. பழைய பாத்திர ஏல விளம்பரத்துக்குக் கீழே, தபால்தலை அளவுக்கு. பிறகு அவளை டிவி விவாதத்துக்கே கூப்பிட்டார்கள். தெருவே உட்கார்ந்து பார்த்தோம். 'வரவேற்கும் மக்கள், எதிர்க்கும் குழுக்கள்' என்று தலைப்பு. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் நடத்துகிறவர் சுப்ரஜா பக்கம் திரும்பி, "உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா..." என்றாள்.

விளம்பரம் வந்துவிட்டது. ஏசி விளம்பரம்.

அன்றிலிருந்து தெருவில் அவள் பேர் 'ஏசி'. லட்டும் ஏசியும் கொட்டகையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு அங்கே போனேன். இந்தத் தடவை அளவுநாடாவைக்கூட எடுத்துப் போகவில்லை.

முத்துச்செல்வம் ஒரு சேதி கொண்டுவந்திருந்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கம்பெனி அந்தப் படத்தைத் திரையில் போடப்போகிறதாம். மக்கள் ஆதரவுக்குச் சாட்சியாம்.

இந்துமதியின் குரல் அன்று தாழ்ந்திருந்தது. "லட்டுன்னு பேரு கிடந்தா கிடக்கட்டும். பேரப்பிள்ளை வரைக்கும் கிடக்கட்டும். ஆனா அந்தப் படம் அரசாங்க ரெக்கார்டுல ஏறிட்டுன்னா, எங்க அப்பா அளத்து மேல கரியைக் கொட்டுங்கன்னு நானே கூப்பிட்ட மாதிரி ஆயிரும். அதை நான் விடமாட்டேன்."

"எல்லாரும் சேர்ந்து கோஷம் போடலாம்" என்றாள் சுப்ரஜா.

"கத்தினா 'கூட்டத்தில் அமளி'ன்னு வரும்" என்றான் முத்துச்செல்வம். "வெளிய போனா, எதிர்ப்பு தெரிவிக்க ஆள் இல்லன்னு வரும். மைக்கில பொறுமையாப் பேசினா வரவே வராது."

"நம்ம என்ன சொல்லுதோங்கிறதை அவன் எடுக்க மாட்டான்" என்றாள் இந்துமதி. "அவன் ஆளு வாயாலயே சொல்ல வச்சா?"

உத்தரத்துப் பெட்டியை அண்ணாந்து பார்த்தவள் திடீரென்று சிரித்தாள். "சங்கு ஊதியாச்சுல்லா. ஊதினா அடுத்து என்ன செய்யணும்? துட்டி கேக்கணும்லா. அந்த முறையை விட்டுட்டோமே."

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் துட்டி கேட்பது என்போம். அந்த வீட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர்கள் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் நீட்டுவார்கள். இருக்கிறவர்கள் அந்தக் கையைத் தொடுவார்கள். திரும்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. சாவு வீட்டுக்கு மறுபடி வருகிறேன் என்று எவராவது சொல்வார்களா?

சுப்ரஜா தலையை ஆட்டினாள். "அந்தக் கல்கத்தாக்காரர் கைகுலுக்க வர்றோம்னு நினைச்சுப்பார்க்கா. மறுபடி வெல்கம் ஆயிடும்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "கல்கத்தாக்காரரை விடுங்க. பால்துரை வீட்டுல பந்தக்கால் நட்டாச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜாக்கெட் தைப்பது ஒரு தொழில். தைக்கக் கொடுக்கிறவர்கள் பேசுவதைக் கேட்பது அதோடு சேர்ந்தது. "மகளுக்குக் கல்யாணம். சம்சாரத்துக்கும் மகளுக்கும் ஜாக்கெட்டு என்கிட்டதான் கிடக்கு. பந்தக்கால் நட்டவன் எழவு வீட்டு வாசல்ல மிதிப்பானா? துட்டிக் கையைத் தொடுவானா?"

சுடலைமாடத்தி தொடையில் தட்டிச் சிரித்தாள். இந்துமதி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "கல்யாண வீட்டு ஆளு மேல துட்டியக் கொண்டு போடுதது பாவம்லா, தங்கத்தாயக்கா."

"ஒன் மேல லட்டைக் கொண்டு போட்டாரே, அது புண்ணியமா?" என்றாள் சுடலைமாடத்தி.

இந்துமதி ஒரு முடிவுக்கு வந்தாள். "முதல்ல கேப்பேன். எல்லார் முன்னாலயும் வச்சுக் கேப்பேன். நிசத்தைச் சொல்லிட்டாருன்னா கையை நீட்ட மாட்டேன். கல்யாணத்துக்குப் போய் மொய்யும் எழுதுவேன்."

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்வரிசை முழுக்கக் கம்பெனி வேனில் வந்த ஆட்கள், ஒரே நிறத் தொப்பியோடு. எங்கள் அளக்காரர்கள் பின்வரிசையில், இந்துமதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மேடையில் அரசாங்க அதிகாரி. கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், கண்டிப்பானவர்போல இருந்தார். அவருக்கு ஒரு பக்கம் எழுதிக்கொள்கிற கிளார்க். மறுபக்கம் சக்ரவர்த்தியும் பால்துரையும்.

படம் ஓடியது. நாகஸ்வரம், சங்கு, திறந்த வாய், லட்டு. தொப்பிகள் கைதட்டின.

பேர் கூப்பிட்டதும் இந்துமதி மைக்குக்குப் போனாள். ஒரு கையில் எறும்பு மொய்த்த அந்தப் பெட்டி. அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பால்துரை பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் ஊதினது என்ன சங்கு? நீங்க ஆத்தூர்க்காரவ. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

பால்துரை முன்னால் இருந்த மைக்கைப் பிடித்தார். "வரவேற்புச் சங்கும்மா. படத்துலதான் எல்லாரும் பாத்தோமே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

அவள் மைக்கை வைத்துவிட்டு மேடையேறினாள். பின்னால் சுடலைமாடத்தி, சுப்ரஜா, குழுப் பெண்கள், நான். லட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். "துட்டி வீட்டுல இனிப்பு இருக்கக்கூடாது" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு பால்துரைக்கு முன்னால் நின்று, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

மனிதர் பாம்பு கண்டதுபோல எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

சக்ரவர்த்திக்கோ ஒன்றும் புரியவில்லை. பெண்கள் நீட்டிய கையைத் தொடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்போல. சிரித்த முகத்தோடு எழுந்து, தன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"சார், தொடாதீங்க" என்று பால்துரை பாய்ந்து முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மைக் இன்னும் திறந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் தொடக்கூடாது?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லன்னா ஏன் இப்படிப் பதறுறீங்க? அந்தம்மா என்ன கேக்கறாங்க?"

பால்துரையின் உதடு மட்டும் அசைந்தது. "துட்டி, சார்."

"துட்டா? பணம் கேக்கறாங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மொத்தப் பின்வரிசையும் சிரித்தது. இத்தனை நாளும் அவள் துட்டு வாங்கினாள் என்று பேசிய வாய்கள்தான்.

"துட்டு இல்ல சார், துட்டி. எங்க ஊர்ல எழவு கேக்குதது. வீட்டுல மகளுக்குப் பந்தக்கால் நட்டிருக்கு, நான் தொடக்கூடாது சார்."

"யார் வீட்டு எழவு?"

இந்துமதி கையை மடக்கவில்லை. "இவங்க கிடங்குக்குத்தான் சார். அன்னைக்கே அதுக்குச் சங்கு ஊதிட்டேன். ஊதின கையோட துட்டி கேட்டிருக்கணும். லட்டைக் குடுத்துக் குழப்பிட்டாவ. முறை பிந்திப்போச்சு, மன்னிக்கணும்."

அதிகாரி அவளைப் பார்த்தார், சுவரோடு நின்றவரைப் பார்த்தார். "அப்ப படத்துல ஊதினது?"

பால்துரை முதுகுக்குப் பின்னால் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். இந்துமதியின் கை ஒரு முழம் தள்ளி அப்படியே நின்றது. வீட்டில் நட்ட பந்தக்காலை நினைத்தாரோ, சம்பளத்தை நினைத்தாரோ, நெற்றியிலிருந்து வியர்வை சட்டைக் காலரில் இறங்கியது.

"அதுவும் எழவுச் சங்குதான் சார்."

"எழுதிக்குங்க" என்றார் அதிகாரி.

கிளார்க் தலையைத் தூக்கினார். "துட்டிங்கறதை எப்படி எழுத சார்?"

"அவர் சொன்ன மாதிரியே."

சக்ரவர்த்தி என்னவென்று கேட்டார். பால்துரை அவர் காதில் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. மேசைமேல் இருந்த லட்டுப் பெட்டியையும், அதிலிருந்து தன் கோப்பின் மேல் ஏறிய எறும்புகளையும் பார்த்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார்.

இந்துமதி திரும்பி இறங்கினாள். "அம்மா, உங்க கருத்தைச் சொல்லாமப் போறீங்களே" என்று அதிகாரி கூப்பிட்டார். அவள் பதில் சொல்லவில்லை. துட்டி கேட்ட இடத்தில் சொல்லிக்கொண்டு வரக்கூடாது.

அப்போது பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அளக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேசாமல் வரிசையில் நின்றார்கள். மேடைக்குப் போனார்கள், கையை நீட்டினார்கள், இறங்கினார்கள். வரிசையின் கடைசியில் வேல்ராஜ் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். தொப்பிக்காரர்களில் இருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். பால்துரை பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அதிகாரி கூட்டத்தை வேறு தேதிக்குத் தள்ளிவைத்தார்.

அன்று சாயங்காலம் முத்துச்செல்வம் சைக்கிள் பழகும் பிள்ளையைப்போலச் சிரித்துக்கொண்டு வந்தான். "எக்கா, தலைப்பைப் பாருங்க." 'பெண்கள் நீட்டிய கை: பதறி ஓடிய கம்பெனி அதிகாரி. காரணம் என்ன?'

"சூப்பு மாதிரித்தான் போட்டிருக்கான்" என்றாள் சுடலைமாடத்தி.

"கேள்வி போட்டுட்டாம்லா. பதில் சொல்லணுமே. ஏன் ஓடினாருன்னு சொல்லத் துட்டின்னா என்னன்னு சொல்லணும். துட்டி எதுக்குன்னு கேட்டா சங்கைச் சொல்லணும். சங்கு எதுக்குன்னு கேட்டா உப்பையும் கரியையும் தப்பின மழையையும் சொல்லியாகணும். என் கடைசிப் பாராவை இந்தத் தடவை அவனே போன் பண்ணிக் கேட்டு வாங்கினான்."

நாகஸ்வரப் படத்தைக் கம்பெனி எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டது. சுப்ரஜாவை மறுபடி விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். மறுபடி ஏசி இருக்கிறதா என்று கேட்டார்கள். "இருக்கு. அதுக்கும் சேர்த்துதான் துட்டி கேக்கறோம். மேல பேசலாமா?" என்றாள். தெருவில் விசில் பறந்தது.

இதையெல்லாம் வைத்துக் கிடங்கு ஒழிந்தது என்று நான் சொன்னால் அது வதந்தி. எனக்கு வதந்தி பிடிக்காது. பந்தல் பிரித்த இடத்தில் இன்னும் குழிகள் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் வேறு தேதிக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். வெயிலும் மழையும் பழைய முறைக்குத் திரும்பவில்லை. பால்துரை மகள் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சம்சாரம்தான் பாதி தைத்த ஜாக்கெட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் கொடுத்தாள். அங்கே இறுக்கமாகத் தைத்துவிட்டார்களாம், தாலி கட்டும் நேரம் வரை அவளால் கையைத் தூக்க முடியவில்லை என்று கேள்வி.

இந்துமதி வீட்டுக் கேட்டில் இருந்த கரி எழுத்தை யாரோ ஒரு விடியற்காலையில் வந்து கழுவிவிட்டுப் போனார்கள். யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். வேல்ராஜுக்குக் கொடுத்த சத்தியத்தை நான் மீறுவேனா?

பட்டப்பேர் மட்டும் போகவில்லை. மாறியது. போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெரிய டிவி வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்து, என் ஜன்னலோரம் நின்றது. "துட்டியம்மா வீடு எதுங்க?" என்று கேட்டார்கள். கைகாட்டியதோடு நிற்காமல் கூடவே போனேன்.

இந்துமதி கொட்டகையில் உப்பைச் சலித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் தெளிந்து எல்லாப் பெண்களும் திரும்பியிருந்தார்கள். நிருபர் நல்ல பிள்ளை, பணிவாகக் கேட்டான். "அன்னைக்கு மேடையில கையை நீட்டினீங்களே, அதை ஒரே ஒரு தடவை கேமராவுக்குச் செஞ்சு காட்டுங்கம்மா."

"நான் நீட்டினா நீங்க தொடணும்" என்றாள். "தொடுதியளா?"

அவன் மைக் பிடித்த கையையே கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க. துட்டி ஒரு தடவைதான் கேக்கணும், கேட்டாச்சு. அடுத்த கூட்டத்துக்கு வாங்க. இனி மிச்சம் கருமாதிதான். ஊருக்கே பத்திரிகை அடிச்சு வைக்கப் போறேன்."

அவர்கள் கொட்டகையை, உப்பை, வெறும் கயிறு தொங்கிய உத்தரத்தை எல்லாம் படம் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது நிருபர், "போயிட்டு..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம், துட்டி முறையை நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தான்.

இந்துமதி சல்லடையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். துறைமுகப் பக்கம், பந்தல் போட்டிருந்த திசையில் கையை நீட்டினாள்.

"போயிட்டு வாரேன்னு தாராளமாச் சொல்லிட்டுப் போங்க தம்பி. செத்த வீடு இது இல்ல. அது அங்கன இருக்கு."